கிருபாராணி வைத்த எல்லை

கிருபாராணி பிறவிப் பயந்தாங்கொள்ளி. பாகலூரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனவள், கேஸை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்ப்பாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். ஓசூரில் ஒரு கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டர்களைக் கண்காணிக்க வேண்டும். சர்வர்கள் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கட்டடத்துக்குள் வரிசை வரிசையாக ஓடும். இவள் ஊருக்குள் இருக்கும் ஆபீசில் திரை முன் உட்கார்ந்திருப்பாள். சூடு எவ்வளவு ஏறினால் எச்சரிக்கை போக வேண்டும், யார் யார் போன் அலற வேண்டும் என்று எல்லை வைப்பது அவள் பொறுப்பு. பயப்படுவதற்குச் சம்பளம் என்றால் கசக்குமா?

எல்லா எல்லையையும் தாழ்த்தி வைத்தாள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் ஏசி நின்று சூடு லேசாக ஏறும், பிறகு தானே இறங்கும். அதற்கும் அலறல்தான். மேனேஜர் ஸ்டீவ் தலையில் அடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் ஏத்தி வைம்மா. சர்ச்சுல உக்காந்தாலும் கத்துது."

"ஏத்தி வச்ச அன்னைக்குன்னு பாத்து ஏதாச்சும் ஆயிட்டா சார்?"

எல்லோரும் கமுக்கமாக அந்த எச்சரிக்கைகளைச் சைலண்டில் போட்டுக்கொண்டார்கள். அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். கணவன் டெல்வின் எலக்ட்ரீஷியன். அதே சர்வர் கட்டடத்தில், கரண்ட் போனால் கைகொடுக்கும் பேட்டரிகளைப் பராமரிப்பவன். "ஏணி மேல ஏறுனீங்களா, கிளவுஸ் போட்டீங்களா, சாப்டீங்களா" என்று நாள் முழுக்கப் போன் போடுவாள். அவனும் வேலைக்குள் நுழைந்ததுமே போனை ஊமையாக்கிவிடுவான்.

அன்று மத்தியானம் திரை சிவந்தது. கரண்ட் போகவில்லை, ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒரு பக்கச் சுவரை ஒட்டியிருந்த சர்வர்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் சூடேறின. ஏறியது இறங்கவே இல்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பேட்டரி அறை. டெல்வின் இன்று அதற்குள்தான் வேலை என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் எல்லை வைத்தவள் அந்த அறைக்கு வைக்கவில்லை. அது அவள் திரையிலேயே கிடையாது.

டெல்வினைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஸ்டீவும் எடுக்கவில்லை. கடைசியில் கட்டடத்துச் செக்யூரிட்டி முனிசாமிதான் போனை எடுத்தார்.

"மறுபடியும் நீங்களா மேடம்? நேத்தும் இதானே சொன்னீங்க. நான் போயி பாத்தேன், ஒண்ணுமே இல்லியே. இதுவும் கொஞ்ச நேரத்துல அடங்கிடுங்க."

அவர் பேரில் என்ன தப்பு? நேற்றும் முந்தாநாளும் இப்படித்தான் ஓடவிட்டிருந்தாள். தன் பேச்சுக்குக் காலணா மதிப்பில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணா, பேட்டரி ரூமுல எங்க வீட்டுக்காரரு இருக்காரு. போன எடுக்கல. கெஞ்சிக் கேக்கறேன், ஓடுங்கண்ணா."

மறுமுனையில் ரிசீவர் மேசைமேல் விழுந்தது. ஓடும் பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவைத் தட்டும் சத்தம், "டெல்வினு! டெல்வினு!" என்ற கத்தல், பிறகு ஒன்றுமே இல்லை. கிருபாராணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஏசப்பா, ஏசப்பா" என்று முனகினாள். இத்தனை வருஷமாகப் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இது வேறு. இதில் உடம்பு அசையக்கூட மறுத்தது.

எவ்வளவு நேரமோ, யாரோ இருமுவது கேட்டது. அந்த இருமலை அவள் அறிவாள். வாய்விட்டு அழுதாள்.

பேட்டரி ஒன்று கொதித்து, அதன் ஆவியில் டெல்வின் மயங்கிக் கிடந்திருக்கிறான். முனிசாமிதான் வெளியே இழுத்து வந்திருக்கிறார். நெருப்போ புகையோ வராததால் தீயணைப்பு மணியும் அடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்ல வாயெடுத்தபோது, அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுவாரம் வேலைக்குத் திரும்பியதும் எல்லைகளை ஏற்றினாள். வந்த வேகத்தில் அடங்கும் சூட்டுக்கு இனி அலறல் கிடையாது. விடாமல் ஏறினால் மட்டுமே எச்சரிக்கை போகும். பேட்டரி அறைக்கும் புதிதாக ஒரு வெப்பமானி வந்தது. ஸ்டீவ் அவள் எதிரிலேயே தன் போனில் போட்டிருந்த சைலண்டை எடுத்துவிட்டார்.

டெல்வின் குணமாகி மறுபடியும் வேலைக்குப் போன முதல் நாள். அவனையும் இனித் தொந்தரவு பண்ணுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். போனை டிராயருக்குள் வைத்து மூடினாள். சாப்பாட்டு நேரம் தாண்டியது, சோறு இறங்கவில்லை. திடீரென்று டிராயருக்குள் மணி அடித்தது. டெல்வின்தான். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"என்னங்க, என்னாச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆவல. உனக்கு என்னா ஆச்சு கிருபா? காலையில இருந்து ஒரு போனும் வரல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."