எல்லாம் கேஸ்தான்

பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் மைக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக அங்கே அறிவிப்பாளர். எந்தப் பேருந்து எந்த நடைமேடையிலிருந்து எப்போது கிளம்பும் என்று நாளைக்கு முந்நூறு தடவை ஊருக்கே சொல்வார். சொல்கிறவர் மட்டும் எதிலும் ஏற முடியாது. ஒரு ஆள், ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் கண்ணாடிக் கூண்டு அவருடையது. மைக்கில் ஒரு பித்தான். அழுத்தினால் பேசும், விட்டால் நிற்கும். அவருடைய வலது கட்டை விரல் அந்தப் பித்தானுக்கே வாழ்க்கைப்பட்டது.

வீட்டில் மைக் கிடையாது. அதனால் பேச்சும் கிடையாது. பேசும் துறையை மனைவியும், கூடவே இருக்கும் அக்காவும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பசிக்கிறதா என்பது மனைவிக்குத் தெரியும். தூக்கம் வருகிறதா என்பது அக்காவுக்குத் தெரியும். இதையெல்லாம் அவரிடமே கேட்கும் பழக்கம் என்றைக்கோ வழக்கொழிந்துவிட்டது. பிரியத்தில் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்.

ஆறு மாதமாக அவரிடம் ஒரு வாக்கியம் சேர்ந்திருந்தது. "டாக்டர், எனக்குப் பயமா இருக்கு." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு எழுத்தில்லை. கூண்டின் கதவைச் சாத்தினால் நெஞ்சை யாரோ துணி பிழிவதுபோல் பிழிகிறார்கள். வாய்ப்பாடாய் இருந்த வண்டி எண்கள் மறந்துபோகின்றன. வீட்டுக்கு வந்தால் காரணமில்லாமல் கண்ணில் தண்ணீர் வருகிறது. இதை அக்காவிடம் பாதி சொல்லிப் பார்த்தார்.

"கேஸுடா தம்பி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இஞ்சி தட்டப் போய்விட்டாள்.

"கண்ணுல தண்ணி வருதே அக்கா?"

"அது மேல ஏறின கேஸு."

ஒருநாள் தனியாகவே குடும்ப டாக்டரிடம் போனார். மூன்று பேருக்கும் சேர்த்து அங்கே ஒரே ஃபைல். வரவேற்பு மேஜைப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தனியா வந்திருக்கீங்க? வீட்ல யாரும் வரலையாண்ணே?" கேட்டபடியே போனை எடுத்தாள். அவர் டோக்கன் வருவதற்குள் குடும்பம் வந்து சேர்ந்துவிட்டது. குடும்ப டாக்டர் என்றால் பின்னே என்ன? கேஸ் மாத்திரை இரண்டு அட்டையோடு திரும்பினார்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை வந்தது. ஒன்பதரை மணி வண்டிக்குப் பித்தானை அழுத்தினார். சொல் வரவில்லை. விரலும் விடவில்லை. தூணுக்குத் தூண் மாட்டியிருந்த ஒலிபெருக்கியிலெல்லாம் அவர் மூச்சு மட்டும் முழுசாய் இரண்டு நிமிடம் ஒலிபரப்பானது. மூட்டையும் கையுமாய் நின்ற ஒருவர், "இது எந்த ஊருக்குங்க?" என்று பக்கத்தில் கேட்டார். நேரக்காப்பாளர் ஓடிவந்து விரலைப் பிரித்து எடுத்தார். "வீட்டுக்குப் போங்கண்ணே. டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு அப்புறம் வாங்க."

அன்று சாயங்காலம் டாக்டர் எதிரே மூன்று நாற்காலி. நடு நாற்காலியில் அவர்.

"என்ன பண்ணுது?" என்றார் டாக்டரம்மா.

அவர் வாயைத் திறந்தார். மனைவி குரல் வந்தது. "கேஸு டாக்டர்."

"தூக்கம் எப்படி?"

"என்னமா குறட்டை விடறான்!" இது அக்கா.

"வேலைக்குப் போறது கஷ்டமா இருக்கா?"

"சேச்சே, அந்த வேலைன்னா இவருக்கு உசுரு."

டாக்டரம்மா பதிலைக் கேட்கவில்லை. மேஜை விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்த அந்தக் கட்டை விரலைப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து இரண்டு தெர்மாமீட்டரை எடுத்தார்.

"உங்க ரெண்டு பேர் முகமும் வாடியிருக்கே. நாக்குக்கு அடியில வைங்க. மூணு நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது."

அந்த அறை வாழ்நாளில் கண்டறியாத அமைதி.

"காலையில ஒன்பதரை பஸ்ஸுக்கு நானும் நின்னேன். அந்த மூச்சைக் கேட்டேன்" என்றார் மெதுவாக. "இப்ப நீங்க சொல்லுங்க."

ஆறு மாத வாக்கியம் தொண்டைவரை ஏறிவிட்டது. வலது பக்கம் திரும்பினார். வாயில் கண்ணாடிக் குழாயோடு மனைவி, கண் நிறையக் கவலை. இடது பக்கம் அக்கா, அதே குழாய், அதே கவலை.

"கேஸுன்னு நினைக்கிறேன் டாக்டர்."

அக்காவின் தெர்மாமீட்டர் வெற்றியோடு மேலும் கீழும் ஆடியது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சீட்டை எழுதி அவர் கையிலேயே கொடுத்தார். "புதன்கிழமை மூணு மணிக்கு பின்னாடி ரூமுக்கு கேஸ் ஒர்க்கர் வருவாங்க. அவங்களைப் பாத்துடுங்க."

சமூக மனநலக் குழுவிலிருந்து வாராவாரம் வருகிறவர் அவர். மனசு முட்டி வருகிறவர்களை உட்காரவைத்துப் பேச விடுவது, விடாமல் பின்தொடர்ந்து கவனிப்பது அவர் வேலை. சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் டாக்டர் கையெழுத்தை மருந்துக்கடைக்காரரைத் தவிர யார் படித்தார்கள்?

"பாத்தீங்களா அண்ணி, கேஸுக்குன்னே தனியா ஆள் போட்டிருக்காங்க!" என்றாள் மனைவி வெளியே வந்ததும்.

"பின்ன? நாட்ல முக்காவாசிப் பேருக்கு அதானே."

புதன்கிழமை இருவரும் அவரை நடுவில் விட்டு அழைத்துப் போனார்கள். பின்னறையில் எடை பார்க்கும் இயந்திரம், மருந்துப் பெட்டிகள், நடுவே ஒரு சின்ன மேஜை. ரப்பர் செருப்பு போட்ட ஒரு பெண்மணி எழுந்துவந்து வாசலை மறித்து நின்றார்.

"அவர் மட்டும் வரட்டும்."

"கேஸுல என்னம்மா ரகசியம்?" என்றாள் அக்கா.

"எங்ககிட்ட எல்லாக் கேஸும் ரகசியம்தான்."

கதவு சாத்திக்கொண்டது. இன்னொரு கூண்டு. பித்தான்கூட இல்லை.

"சொல்லுங்க" என்றார் பெண்மணி.

அவர் வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். பதில் சொல்ல யாரும் இல்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடமும் போனது. பெண்மணி அவசரப்படுத்தவில்லை. வெளியே அக்கா யாருக்கோ வயிற்று வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று மைக்கண்ணன் வலது கையைக் குவித்து வாய்க்கு முன்னால் பிடித்தார். கட்டை விரலை அழுத்தினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எனக்குப் பயமாக இருக்கிறது. கூண்டுக்குள் பயமாக இருக்கிறது. வீட்டிலும் பயமாக இருக்கிறது. இது கேஸ் அல்ல."

பத்தொன்பது வருடக் குரல். பேருந்து நிலையத்துக்கு என்று பழகியது. ஒற்றைப் பலகைக் கதவு அதை எப்படித் தாங்கும்? வெளியே வைத்தியம் பாதியில் நின்றது. எந்த அறிவிப்பையும் ஒரு தடவையோடு விட்டு அவருக்குப் பழக்கமும் இல்லை.

"மீண்டும் அறிவிக்கிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது."

விரலை எடுத்தார். அது தானாகவே வந்துவிட்டது.

நாலு மணிக்கு வெளியே வந்தபோது காத்திருந்த பதினோரு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் அடுத்த புதன்கிழமைக்கான சீட்டு. மூன்று பேரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். வழக்கம்போல அவர்தான் நடுவில்.

"அடுத்த வாரமும் மூணு மணிதானே?" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல். "நான் வாசல்கிட்ட உக்காரல. தெருவுலயே நிக்கறேன்."

"வரணும்னு இல்ல" என்றார்.

"தெருவுலதான் நிப்பேன்னு சொல்றேன்ல."

அக்கா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வீட்டு வாசல் வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை.

"இருந்தாலும் தம்பி, கேஸும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்டா."

அவர் மறுக்கவில்லை. கொஞ்சம் இருந்ததென்னவோ உண்மைதான்.