சாமளாபுரத்து அமெரிக்கக் கார்

சாமளாபுரத்தில் ஒரு தறிக் கொட்டகைக்குப் பின்னால், ரெண்டு தறி நீளத்துக்கு அமெரிக்கக் கார் ஒன்று நிற்கிறது. எழுபதுகளில் வந்தது. அமெரிக்காவிலேயே யாரும் மதிக்காத மாடல். எங்கள் பனியன் கம்பெனி முதலாளிக்கு இதுதான் வேண்டுமாம். நாளை ஆர்டர் கொடுக்க வருகிற அமெரிக்க பையருக்கு இந்த மாதிரிக் கார் என்றால் உயிர். டிரைவர் நான் பேனட்டைத் திறக்கிறேன்.

"ஏனுங்க, இது டிராக்டர் எஞ்சினுங்களா?"

"ஆமாங்க. பழசு பெட்ரோலா குடிச்சுதுங்க. கழட்டி எடைக்குப் போட்டுட்டனுங்க. இப்ப பாவு நூல் லோடே இழுக்குமுங்க" என்கிறார் காரை விற்கிற தறிக்காரர், பெருமையாக.

முதலாளி பேனட்டை மூடுகிறார். பிறகு என்னிடம், "பையர் முன்னாடி ஸ்டார்ட் பண்ணிராதே. தள்ளியே காட்டு" என்கிறார்.

இப்போதே தள்ளிப் பழகச் சொல்லி, ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துகொள்கிறார். நானும் தறிக்காரரும் தள்ளுகிறோம்.

தறிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்கிறார்: "ஏனுங்க, சாவி போட்டா ஓடுமுங்களே?"