ஜெயபாரதியின் முக்காடு

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் கட்டியவன் உயிரோடு இருக்கும்போது எந்தப் பெண்ணும் முக்காடு போடமாட்டாள். வெயிலுக்குத் துண்டு சுற்றலாம், தப்பில்லை. சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதனால் பக்கத்து வீட்டு ஜெயபாரதி தன் வீட்டுக் கூடத்தில் முக்காடிட்டு முழங்காலில் நின்றதை முதன்முதலாகப் பார்த்தபோது பதறிப்போய் வாசல் பக்கம் திரும்பினேன். அவள் கணவர் வைத்தியலிங்கம் வாசலில்தான் யூரியா மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கஜா புயலில் அவர்கள் தென்னந்தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. யாரோ ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனார்கள். போன அன்றே வீட்டுக்கு வந்து தூங்கினாள். அப்புறம் அவளை யார் தடுப்பது? பொட்டை விட்டாள், பூவை விட்டாள். அதையெல்லாம் வைத்தியலிங்கம் பொறுத்துக்கொண்டார். முக்காட்டை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. தன் சாவைத் தானே பார்ப்பதுபோல் இருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

முக்காடு இல்லாமல் ஜெபிக்கலாமா என்று அவள் பாஸ்டரிடம் கேட்டாள். ஜெபம் பண்ணுகிற பெண் தலையை மூட வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார், புருஷனுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக வேதம் மாறாது என்றார். தஞ்சாவூரில் வேறொரு சபைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட டீச்சரம்மாவோ, அது அந்தக் காலத்து அந்த ஊர் வழக்கம், பெண்ணுக்குக் கூந்தலே முக்காடு என்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறதே என்றாள். படித்தவர்களே இப்படி ஆளுக்கொன்று சொன்னால் எட்டாவது படித்தவள் என்ன செய்வாள்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனக்குப் பாஸ்டர் மேலும் கோபம், வைத்தியலிங்கம் மேலும் கோபம்.

போன தை அறுவடை முடிந்ததும் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். காலையில் ஆபரேஷனுக்கு அழைத்துப்போக ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. நானும் கூட இருந்தேன். ஜெபிப்பதற்காக அவள் தலைப்பை மேலே தூக்கினாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இருக்கறப்பவே எதுக்கு பாரதி? எடுத்துடு."

அவள் என்னைப் பார்த்தாள். மூடாமல் ஜெபித்தால் கேட்கப்படாது என்று நம்புகிறவள் அவள். மூடினால் அந்த மனுஷன் எதைப் பார்த்துக்கொண்டு கத்திக்குப் போவார்? கடைசியில் தலைப்பைக் கீழே விட்டாள். வெறுந்தலையோடு அவர் நெஞ்சில் கை வைத்து ஜெபித்தாள். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். வார்டுக்கு மாற்றிய பிறகு, ஒரு காலையில் காபி கேட்டார். அவள் வாங்கி வருவதற்குள் போய்விட்டார்.

இழவு வீட்டில் ஜெபவீட்டுப் பெண்ணொருத்தி, தலையை மூடாமல் ஜெபித்தால் இப்படித்தான் என்று பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள். ஜெயபாரதிக்கும் கேட்டது. முணுமுணுத்தவளை நாலு அறை அறைய வேண்டும்போல் இருந்தது எனக்கு.

ஜெயபாரதியின் அண்ணன் செல்லதுரை பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தார். வழக்கப்படி அதை விரித்துத் தங்கையின் தலையில் போட்டு முகம் மறைய மூடினார். பாஸ்டரும் ஜெபிக்க எழுந்து நின்றார். அவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. இத்தனை வருடத்தில் ஊரும் சபையும் அவள் தலை விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

அவள் கோடியைத் தலையிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். செல்லதுரை மறுபடி இழுத்து மூடப் போனார். அவள் அவர் கையைத் தள்ளினாள்.

"வேணாம்ண்ணே. நான் முக்காடு போட்டா அவங்களுக்குப் பிடிக்காது."