அக்காவின் முன்பல்

தஞ்சாவூரில் பல் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். பூதலூரிலிருந்து ரயிலில் போய் வருகிறேன். எட்டாவது வரைதான் படிப்பு. உள்ளே மெல்லிய மெட்டல் தொப்பி, மேலே செராமிக் மாவு. பர்னஸில் வைத்துச் சுட்டால் பல்.

அக்கா வரப்பில் வழுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். அதிலிருந்து கையால் மறைத்துத்தான் சிரிப்பாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் என்னிடம் வந்தாள்.

"போட்டோவுல வாயப் பொத்திக்கிட்டு நிக்க மாட்டேன்டி. பல்லு செஞ்சு குடு."

செய்தேன். வார்க்கப் புது மெட்டல் இருந்தது. முன்பு வார்த்ததில் மிஞ்சிய கட்டியும் கிடந்தது. நம்ம அக்காதானே என்று கட்டியை உருக்கினேன். டாக்டர் மாட்டிவிட்டார்.

நாலாம் நாள் அக்கா லேப் வாசலில் நின்றாள். கைக்குட்டையில் வெள்ளைச் சில்லு. வாயில் சாம்பல் நிறத்தில் வெறும் மெட்டல்.

"ஊருக்கெல்லாம் பல்லு, எனக்கு மட்டும் தகரமா?"

"என்னத்தக் கடிச்ச?"

"இட்லிடி."

லேப் முதலாளி நாகூர்க்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். சில்லைத் திருப்பிப் பார்த்தார். அக்காவின் வாயையும் பார்த்தார். மெட்டலில் ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை.

"இது உடையலம்மா. ஒட்டவே இல்ல," என்றார். என் பக்கம் திரும்பினார். "பழைய கட்டியா?"

"ஆமா பாய்."

"எத்தன தடவ உருக்கினது?"

"மூணு இருக்கும்."

அந்த மெட்டலில் வேறு சில உலோகங்களைத் துளித்துளி சேர்த்திருப்பார்களாம். சூட்டில் அவை மேலே வந்து தோல் கட்டும். செராமிக் பிடிப்பது அந்தத் தோலைத்தான். உருக்க உருக்கத் துளியெல்லாம் எரிந்துபோகும். பாய் சொன்னது இவ்வளவு.

"ஒரே வெதநெல்லயே எத்தன போகம் போடுவ?" என்றும் கேட்டார். அது புரிந்தது.

அக்காவிடம் சொன்னேன். "தப்பு என்னோடதுதான். மிச்சத்துல செஞ்சேன்."

"கூடப் பொறந்தவளுக்கு மிச்சம்," என்றாள். கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "கல்யாணத்துக்கு ஆறு நாள்தான்டி இருக்கு."

டாக்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி அளவு எடுத்தார். இந்தத் தடவை புது மெட்டல் மட்டும். தேய்த்து, பர்னஸில் வைத்து எடுத்தபோது தொப்பி முழுக்கச் சீராகக் கருமை படர்ந்திருந்தது. பாய் சொன்ன தோல் அதுதான். விரல் படாமல் மாவு ஏற்றினேன். சுட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பல் ஏறியது. அக்கா பையிலிருந்து முறுக்கை எடுத்தாள். டாக்டர் திட்டினார்.

மாதா கோவிலில் திருப்பலி முடிந்து படம் எடுத்தார்கள்.

"அம்மா, பொண்ணு சிரிச்சாப் போதும்," என்றார் போட்டோக்காரர்.

அக்கா கேட்கவில்லை. பக்கத்தில் நான். எல்லாப் படத்திலும் அவள் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.