பதினேழு நிற்கிறது

டிப்போவில் மின்வேலை பார்ப்பவரைக் கரண்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அதற்கு நேர்மாறு. ஒரு பல்பு மாற்றச் சொன்னால் முதலில் டீ குடிக்கப் போவார். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. பேருந்துகளுக்குப் பேசும் பெட்டி வந்தபோது அத்தனையையும் அவர்தான் பொருத்தினார். ஒரு வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் வருகிறது என்பதை அந்தப் பெட்டி கம்பியில்லாமல் பக்கத்து வண்டிகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த வண்டிகளில் "முன்னால் வண்டி நிற்கிறது" என்று குரல் வரும். திரையில் நிற்கும் வண்டியின் எண் தெரியும். மனுஷங்களே இந்த அளவுக்குச் சொல்லிவிட்டுப் போவதில்லை என்று கரண்ட்டு கிண்டலடிப்பார்.

அவருடைய தங்கை அதே டிப்போவில் கண்டக்டர். தங்கை புருஷன் பதினேழாம் வண்டியின் டிரைவர். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்து, வண்டி பாலத்துச் சுவரில் மோதி, ஆள் அங்கேயே போய்விட்டார். நொறுங்கிய வண்டியை இழுத்துவந்து டிப்போவுக்குள், சாலையை ஒட்டிய மதிலோரம் போட்டார்கள். பெட்டி மட்டும் சாகவில்லை. மதிலைக் கடக்கும் வண்டிகளிடமெல்லாம் பதினேழு நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஒயரை வெட்டக் கரண்ட்டு கிளம்பியபோது தங்கை வழிமறித்தாள்.

"அத அறுக்காதண்ணே. தெனமும் அந்தப் பக்கம் போறப்ப அவர் நம்பர் தெரியுது. எனக்கு அது போதும்."

அவருக்கு மனசு கேட்கவில்லை. அறுக்காமல் விட்டதோடு நிறுத்தினாரா? பேட்டரி இறங்கும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் சார்ஜ் ஏற்றிவைத்தார். பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

டிரைவர்களுக்கும் பழகிப்போயிற்று. மதில் வந்தால் பெட்டி கத்தும். "செத்த வண்டிதான்" என்று வேகத்தைக் குறைக்காமல் போவார்கள்.

மழை கொட்டிய ஒரு காலையில், தங்கை போன வண்டி அதே மதிலோரம் பழுதாகி நின்றது. பின்னால் இன்னொரு பேருந்து வந்தது. அதன் டிரைவருக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். பெட்டி கத்தியது. செத்த வண்டிதான் என்று அவர் திரையைப் பார்க்கவே இல்லை; அதே வேகத்தில் வந்து மோதினார். தங்கைக்குக் கை முறிந்தது. அந்த டிரைவர் பிழைக்கவில்லை.

கரண்ட்டு அன்றைக்கே ஒயரை அறுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தங்கை அழவில்லை.

"அறுத்துட்டியா?"

"அறுத்துட்டேம்மா."

"நான் புத்தி பேதலிச்சுப்போய்க் கேட்டேன். வண்டிய பத்தித் தெரிஞ்சவன் நீ. நீ ஏண்ணே தலையாட்டுன? இப்ப அந்த டிரைவரைக் கட்டுன பொண்ணும் என்னை மாதிரி ஆயிட்டா."