கழுவிய இலை

வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போடுமுன் மண் பரிசோதனை நடந்தது. மெஷின் துளைத்து எடுக்கும் மண்ணையும் பாறையையும் பார்த்து எழுதுவது என் வேலை. பதினாலு மீட்டர் ஆழத்திலிருந்து வந்த களிப்பாறைத் துண்டில் ஓர் இலை ஒட்டியிருந்தது. நரம்புகூடத் தெரிந்தது.

"மேலருந்து வுழுந்திருக்கும் சார். கழுவி பெட்டில வைங்க, பஸ்ஸு போய்டும்" என்றார் மெஷின் ஓட்டுபவர். எல்லாத் துண்டையும் கழுவித்தான் அடுக்குவோம். எனக்கும் அவசரம். ஈரத் துணியால் ஒரே இழுப்பு. இலை துணியில் கறுப்புக் கறையாக வந்துவிட்டது.

அங்கே மருந்துக்குக்கூட ஒரு மரம் கிடையாது என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. போனில் தேடினேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறையில் டைனோசர் காலத்து இலைகள் கிடைக்குமாம். பத்துக் கோடி வருஷத்துக்கும் மேல். கடல் வந்து போயிருக்கிறது, கண்டங்கள் நகர்ந்திருக்கின்றன, அது அப்படியே இருந்திருக்கிறது.

இப்போது அங்கே ஷெட் நிற்கிறது. அந்தப் பக்கம் போனாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. அறிக்கையில் பதினாலு மீட்டருக்கு நேரே என் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: "சாம்பல் நிறக் களிப்பாறை. குறிப்பிடும்படி எதுவும் இல்லை."