ஜீப்பின் அடியில் தார்

அந்த ஜீப்பின் பின்பக்க அச்சிலிருந்து ஒழுகிய எண்ணெயின் நாற்றம் மாதக்கணக்கில் என் கையை விட்டுப் போகவில்லை. அழுகின முட்டை நாற்றம். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டும் தேய்த்தேன். சோற்றைப் பிசைந்தால் சோறு நாறும். ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோயிலில் பூசைக்கு முட்டி போட்டால் பக்கத்தில் இருப்பவள் முக்காட்டை இழுத்து மூக்கை மூடிக்கொள்வாள்.

யுத்தத்தின்போது பெண்கள் படையில் சேர்ந்து லாரி ஓட்டக் கற்றவள் நான். யுத்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் கோயில் பங்கில் வேலைக்குப் போகிற பெண் என்றால் டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ். எனக்கு இரண்டும் வேண்டாம், ஸ்டியரிங்தான் வேண்டும். லைசென்ஸை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் கார் நிற்கிற வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கினேன். சிரித்தார்கள். ஒரு வீட்டில், சமையலுக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்றார்கள்.

கடைசியில் ஒருவர்தான் வேலை கொடுத்தார். தியாகராய நகரில் இருந்துகொண்டு, அடையாற்றுக்கு அந்தப் பக்கம் வீடு கட்டிக்கொடுத்த காண்டிராக்டர். அங்கே அப்போது ரோடு கிடையாது. மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் மணல். அதற்காக ராணுவம் ஏலத்தில் விட்ட ஜீப் ஒன்றை வாங்கியிருந்தார். பட்டாளத்து வண்டிக்குப் பட்டாளத்தில் ஓட்டினவள் சரியாக இருப்பாள் என்று என்னை வைத்துக்கொண்டார். இந்த வேலை போனால் மெட்ராஸில் எனக்கு வேறு வண்டி கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முதலாளிக்கு ஒரு நாள் ஒரு யோசனை வந்தது. உப்புக் காற்றில் வண்டியின் அடிப்பாகம் துருப்பிடிக்கிறதாம். நொச்சிக்குப்பத்திலிருந்து படகுக்குத் தார் பூசுகிற ஆளைக் கூட்டிவந்து, ஜீப்பின் அடி முழுக்கத் தார் பூசச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, "ஒரு இடம் விடக்கூடாதுப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் ஒரு இடமும் விடவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் குனிய வைத்து அடியைக் காட்டினார் முதலாளி.

இரண்டு வாரத்தில் ஒழுக ஆரம்பித்தது. பின் சக்கரங்களின் உள்பக்கம் கறுப்பாக வழிந்தது. அச்சில் இருக்கிற எண்ணெய் வெளியே வராமல் தடுக்க அங்கே ஒரு தோல் வளையம் இருக்கும். சீல் என்போம். அதைத் தாண்டினால் எண்ணெய் நேரே பிரேக்குக்குத்தான் போகும். எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது.

லஸ் பக்கத்தில் இருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சீலை மாற்றினார். பத்து நாளில் ஒழுகியது. மறுபடி மாற்றினார். மறுபடி ஒழுகியது. மூன்றாம் தடவை போனபோது வாயில் வெற்றிலையோடு வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா டிரைவரம்மா, மறுபடியும் வந்துகினியா? வண்டி ஓட்றியா, மாவாட்றியா?"

"சீலை எண்ணெயில ஊறப்போட்டீங்களா? காஞ்ச தோலை அப்படியே அடிச்சு ஏத்தினா ஒழுகத்தான் செய்யும்."

அவர் எதிர் டீக்கடையைப் பார்த்துக் கத்தினார்: "நைனா, கேட்டியா? பட்டாளத்தம்மா எனக்குப் பாடம் நடத்துது!"

டீக்கடை மொத்தமும் சிரித்தது. வெற்றிலை எச்சிலை என் காலுக்கு ஒரு சாண் தள்ளித் துப்பினார். அன்றைக்குச் சாயங்காலம் முதலாளியைத் தனியாகப் பார்த்து வேறு கதை சொன்னாராம். "சீலுல ஒண்ணியும் இல்ல சார். அது எப்பப் பாத்தாலும் பிரேக் மேலயே காலை வச்சிகினு ஓட்டுது. சூட்டுல தோலு வெந்து பூடுது. ஆம்பள டிரைவரா போடுங்க. என் மச்சான் ஒருத்தன் சும்மாதான் கீறான்."

நான் அப்படி ஓட்டுகிறவள் இல்லை. ஆனால் அந்த வாரமே அடையாறு பாலத்தில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. முன்னால் கிளிஞ்சல் ஏற்றிய மாட்டு வண்டி. ஸ்டியரிங்கை ஒடித்து மணலில் ஏற்றி நிறுத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி முகம் வெளுத்து, கீழே இறங்கி வேட்டியை உதறிக்கொண்டே சொன்னார்: "சனிக்கிழமை வரைக்கும் ஓட்டும்மா. திங்கட்கிழமை அந்த மெக்கானிக்கோட மச்சான் வரான்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், வேலை நடக்கும் இடத்தில், ஓட்டிவந்த சூடு ஆறுவதற்குள் வண்டிக்கு அடியில் படுத்தேன். அச்சில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ஊற்றுகிற இடத்துத் திருகைக் கழற்றினேன். பாதி கழற்றும்போதே உஸ்ஸென்று காற்று சீறியது. பின்னாலேயே எண்ணெய். முகத்தில் அடித்தது. மூக்கில் போனது, வாயில் போனது. உருண்டு வெளியே வந்து, தின்ற தயிர்சாதம் முழுவதையும் மணலில் வாந்தி எடுத்தேன். சித்தாள் பெண்கள் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்கள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் புத்தி வந்தது. அச்சுக்குள் காற்று ஏன் சீற வேண்டும்? ஓடுகிற வண்டியில் அச்சு சூடாகும், உள்ளே காற்று உப்பும். அது வெளியே போக அச்சின் மேல்பக்கம் துளையோடு ஒரு சின்ன மூடி இருக்கும். படையில் காட்டியிருந்தார்கள். நான்தான் மறந்துபோனேன். கையை விட்டுத் தடவினேன். மூடி இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியாக ஒரு தார் உருண்டை. காற்றுக்கு வேறு வழி இல்லை. எண்ணெயைத் தள்ளிக்கொண்டு சீலைப் பிய்த்து வந்திருக்கிறது.

கத்தியால் தாரைச் சுரண்டி எடுத்தேன். மூடியைப் பெட்ரோலில் ஊறவைத்துக் குடைக்கம்பியால் துளையைக் குத்தினேன். புது சீல்களை ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவைத்து, விடியற்காலையில் நானே மாட்டினேன். பிரேக் கட்டைகளைக் கழுவி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சனிக்கிழமை காலையிலிருந்து திருவான்மியூருக்கும் அடையாற்றுக்கும் நாலு தடவை ஓட்டிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தேன். எண்ணெய்க்கறை இல்லை.

சாயங்காலம் தியாகராய நகர் வீட்டு கேட்டில் மெக்கானிக்கும் மச்சானும் நின்றார்கள். மச்சான் புதுக் காக்கிச் சட்டை போட்டிருந்தான். "சாவி எங்க கீது?" என்றான். நான் உள்ளே போய், தார் உருண்டையைக் காகிதத்தில் வைத்து முதலாளியிடம் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

அவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு காகிதத்தோடு கசக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்.

"இனிமே ஒழுகாதா?"

"ஒழுகாது சார்."

"அப்ப நீயே ஓட்டு. ஆனா தார் விஷயம் அந்த ஆளுக்குத் தெரிய வேண்டாம். ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நான்தான் எண்ணெய் அதிகமா ஊத்திட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடு."

"நான் ஊத்தலையே சார்."

"திங்கட்கிழமை வண்டி வேணுமா, வேண்டாமா?"

சாவி என் கையில் இருந்தது. முதலாளி பின்னாலேயே வர, வெளியே வந்து மெக்கானிக் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "தப்பு என்னோடதுதான். எண்ணெய் அதிகமா ஊத்திட்டேன்."

"நான் அப்பவே சொல்லலை சார்?" என்று தொடையில் தட்டினார் மெக்கானிக். "கொழம்புக்குத் தாளிக்கிற மாதிரி ஊத்திகீது!"

முதலாளியும் சிரித்தார். என் பின்னால் நின்று, நன்றாகவே சிரித்தார். அந்த எண்ணெய் வாயில் போனபோதுகூட எனக்கு இவ்வளவு குமட்டவில்லை. யார்மேல் அதிகம் குமட்டியது என்று கேட்டால், என்மேல்தான்.

அடுத்த வருஷமும் மழைக்கு முன் நொச்சிக்குப்பத்து ஆள் வந்தார். அதற்கு முன்பே அடியில் படுத்து அந்த மூடிமேல் துணியைச் சுற்றிக் கட்டிவைத்தேன். முதலாளி குந்தி உட்கார்ந்து, ஒரு இடம் விடக்கூடாது என்றார். அவர் உள்ளே போன பிறகு துணியை அறுத்தெடுத்தேன். மறுநாள் வந்த நண்பரிடம் அவர் அடியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தார் பூசினதிலேர்ந்து ஒரு சொட்டு ஒழுகலை. இல்லையாம்மா?"

"ஆமாம் சார்" என்றேன்.